கடையிலிருந்து எடுத்த செயலியும் கலையாத கூட்டமும்

1

இந்த ஆவணி வந்தால் நான் குடியாத்தத்தை விட்டு பெங்களூருக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. காலையில் ரயிலேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடக்கூடிய ஊரைப் பற்றி வெளிநாடு மாதிரி எழுதுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். கடல் தாண்டவில்லைதான். ஆனால் பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் மோரை அடுப்பில் வைத்துக் காபி போட்டவள் நான். அந்த முதல் மாதத்தை நினைத்தால் கடல் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

போன வாரம் ஊரிலிருந்து என் அத்தை மகள் சுமதி பேசினாள்.

"ஏன்டி மாலதி, உன் சத்தமே காணோம்? அந்த மஞ்ச ஆப்பைத் தூக்கிட்டாங்களாமே. அப்போ அவ்ளோதானா? எல்லாம் முடிஞ்சுபோச்சா?"

"முடிஞ்சுபோச்சு" என்றேன்.

ஃபோனை வைத்த பிறகு உறுத்தியது. நான் சொன்னதில் பாதிதான் நிஜம். எனக்கு முடிந்துபோயிற்று. பிரேமாவுக்கு முடியவில்லை. அந்த வித்தியாசத்தை மென்று விழுங்க முடியாமல் சில மாதங்களாகத் திரிகிறேன். சுமதிக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தச் செயலியில் படம் கிடையாது, குரல் மட்டும்தான். யார் வேண்டுமானாலும் ஓர் 'அறை' திறந்து பேசலாம். மற்றவர்கள் உள்ளே வந்து கேட்கலாம், கை தூக்கினால் அவர்களும் பேசலாம். அதன் சின்னம் மஞ்சளாக இருந்ததால் தமிழ்க்காரர்கள் எல்லாருக்கும் அது மஞ்ச ஆப்பு.

என் அறையின் பெயர் 'ஓசூர் ரோடு'. பெங்களூருக்குப் புதிதாக வரும் நம்மவர்களுக்கானது. வீட்டு அட்வான்ஸைத் திருப்பி வாங்குவது எப்படி, ஆட்டோக்காரரிடம் என்ன பேசுவது, பள்ளியில் கன்னடம் எந்த வகுப்பிலிருந்து கட்டாயம் என்று தினம் ஒரு விஷயம். சாயங்காலம் வேலை முடிந்து சந்தாபுரா வீட்டுக்கு வந்ததும் குறிப்பெடுத்து, நல்ல மைக் ஒன்று வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவேன். செயலியே என் அறையை முகப்பில் எடுத்துப் போட்டது. ஆயிரம் பேருக்கு மேல் கேட்ட நாளெல்லாம் உண்டு. ஒருமுறை காய்கறிக் கடையில் நான் பேரம் பேசுவதைக் கேட்டு ஒரு பெண் திரும்பி, "நீங்க ஓசூர் ரோடு மாலதி மேடம்தானே?" என்றாள். அதை என் கணவரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை அவர், "கத்தரிக்காய் வாங்கினியா இல்லையா?" என்றார்.

2

பிரேமாவுக்கு அந்தச் செயலியைக் காட்டியவள் நான்தான்.

அடுகோடியில் எங்கள் அலுவலகம். ஆன்லைனில் பொருள் வாங்கியவர்களின் புகார்களைத் தமிழிலும் கன்னடத்திலும் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. பிரேமா என் பக்கத்து மேசை. பெங்களூரிலேயே, ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா ரயில்வேயில் இருந்தவர். என்னிடம் தமிழில் பேசிக்கொண்டே ஃபோனில் கன்னடத்துக்குத் தாவி, வாசல் காவலரிடம் உருதுவில் வம்பிழுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தமிழைத் தொடர்வாள். மூன்றும் ஒரே வீட்டின் மூன்று அறைகள் போல. பதினாறு வருடம் கழித்தும் நான் கன்னடம் பேசுவதற்கு முன்னால் மனசுக்குள் ஒத்திகை பார்க்கிறவள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் ஃபோனை அவளிடம் நீட்டினேன்.

"இன்னாபா இது, ரேடியோவா?" என்றாள்.

"நாமே பேசலாம். நீயும் ஒண்ணு ஆரம்பியேன்."

"நான் இன்னா பேசறது? உன்ன மாதிரி விஷயம்லாம் எனக்குத் தெரியாது."

அதைக் கேட்க எனக்கு அப்போது சுகமாக இருந்தது.

அவள் திறந்த அறையின் பெயர் 'சும்மனே'. கன்னடத்தில் சும்மா என்று அர்த்தம். தலைப்பு கிடையாது, குறிப்பு கிடையாது, மைக் கிடையாது. பின்னால் குக்கர் விசில் கேட்கும். உள்ளே வருகிறவர்களிடம், "சாப்டியா? இன்னா சாப்ட? நேத்து உங்க மாமியாருக்குக் காய்ச்சல்னியே, எறங்கிச்சா?" என்று கேட்பாள். அவர்கள் சொல்வார்கள். சிரிப்பார்கள். ஒருத்தி அழுவாள். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

இரண்டு மாதத்தில் அவள் கூட்டம் என் கூட்டத்தைத் தாண்டியது.

பொறாமையை நாம் பெரும்பாலும் வேறு பெயர் வைத்துத்தான் கூப்பிடுகிறோம். நான் அதைத் தரம் என்று கூப்பிட்டேன். 'இதில் என்ன தரம் இருக்கிறது, அரட்டைதானே' என்று என் கணவரிடம் சொன்னேன். அவள் தமிழில் பிழை பிடித்தேன். என் அறையில் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ஃபோனில் அவள் அறையின் எண்ணிக்கையைப் பார்ப்பேன். நானூறு கூடினால் வயிறு எரியும். அவள் பக்கம் சிக்னல் அறுந்து குரல் துண்டு துண்டாக வந்தால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு ருசிக்கும். மறுநாள் அலுவலகத்தில் அவள் டப்பாவிலிருந்து புளியோதரை எடுத்து என் தட்டில் வைப்பாள். அதையும் சாப்பிடுவேன்.

3

ஒரு காலையில் ஒரு பெண் எனக்குச் செய்தி அனுப்பினாள். 'மேடம், உங்க ஆப் ஸ்டோர்ல காட்டவே மாட்டேங்குது.'

அன்று மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அசிங்கமாகவும் வெறுப்பாகவும் பேசும் சில அறைகளைப் பற்றிப் புகார் வந்தும் நிறுவனம் மூடவில்லையாம். இரண்டு பெரிய செயலிக் கடைகளும் மஞ்ச ஆப்பை எடுத்துவிட்டன. ஏற்கெனவே ஃபோனில் வைத்திருப்பவர்களுக்கு அது வேலை செய்யும். புதிதாக யாரும் இறக்க முடியாது, புதுப்பிக்கவும் முடியாது. நிறுவனம் வழவழவென்று ஓர் அறிவிப்பு விட்டது. 'தற்காலிகம்' என்ற சொல் அதில் இருந்தது. தாலுகா அலுவலகத்தில் 'நாளைக்கு வாங்க' என்பார்களே, அந்தத் 'தற்காலிகம்'.

டீ குடிக்கும்போது எங்கள் குழுத் தலைவர் நவீன் விளக்கினார்.

"தண்ணித் தொட்டிக்கு வர்ற குழாயை மூடிட்டாங்க மேடம். தொட்டியில இருக்கறது இருக்கும். ஆனா ஒருத்தர் ஃபோன் மாத்துவார், ஒருத்தருக்கு ஆப் சரியா ஓடாது, ஒருத்தருக்குச் சலிச்சுடும். புதுசா யாரும் வரமாட்டாங்க. தானா வத்திடும்."

"அப்போ பேசறவங்கள விரட்ட வேண்டியதில்ல, வாசலை மூடினா போதும்?" என்று கேட்டேன்.

"அவ்ளோதான்."

பிரேமா டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, என் அறையும் போகிறதே. ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில் குளிர்ச்சியாக ஒன்று ஓடியது. அவளுடையதும் போகிறது.

நான் திட்டம் போடுகிறவள். அந்த வாரமே பெரிய, பேர் பெற்ற வேறொரு செயலியில் 'ஓசூர் ரோடு' தொடங்கினேன். பழைய அறையில் அறிவிப்பும் செய்தேன். 'எல்லாரும் அங்கே வந்துவிடுங்கள்.' முதல் நாள் இருபது பேர் வந்தார்கள். அடுத்த நாள் பன்னிரண்டு. மூன்றாம் வாரம் என் கணவரும், தன் மைக்கை அணைக்கத் தெரியாத ஒருவரும். அவர் வீட்டில் ஓடிய தொலைக்காட்சித் தொடரை நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். நான் நிறுத்திவிட்டேன்.

பிரேமாவும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அலுவலகத்தில் அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

4

இதற்கு நடுவே என் மகள் தாரிணியின் படிப்பு. பத்தாவது. வீட்டுக்கு வெளியே அவள் பேசுவது கன்னடமும் ஆங்கிலமும். என்னிடம் தமிழ். அந்தத் தமிழும் வர வரச் சுருங்கி 'சரி', 'இல்ல', 'தெரியல' என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிட்டது. பதினோராம் வகுப்புக்கு அவளை வேலூரில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ப்பது என் திட்டம். தமிழும் திரும்பும், படிப்பும் நன்றாக இருக்கும். என் கணவர், "எதுக்கும் இங்க ஒரு இருப்பிடச் சான்று வாங்கி வை" என்றார்.

தாரிணியையும் கூட்டிக்கொண்டு ஆனேக்கலுக்குப் போனேன். தாலுகா அலுவலகத்தில் இதற்குமுன் மூன்று தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒருமுறை வாடகை ஒப்பந்தத்தில் இருந்த பெயருக்கும் ஆதாரில் இருந்த பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். ஒருமுறை சர்வர் இல்லை. ஒருமுறை அதிகாரி இல்லை. இந்த முறை எல்லாரும் இருந்தார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர். நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கன்னடத்தை எடுத்துவிட்டேன்.

"ஏனேனு பேக்கு ஏளி சார்!"

என்னென்ன வேண்டும் சொல்லுங்கள் என்பது நான் நினைத்தது. சொல்லுங்கள் என்பதற்கு அங்கே 'ஹேளி'. அந்த 'ஹ' என் நாக்கில் எப்போதும் நிற்பதில்லை. அதை விழுங்கிவிட்டால் 'ஏளி'. எழுந்திருங்கள் என்று அர்த்தம். குமாஸ்தா கண்ணாடிக்கு மேல் என்னைப் பார்த்தார். அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று நான் இன்னும் உரக்க, "ஏளி சார், ஏளி!" என்றேன்.

"நானு யாக்கம்மா ஏளபேக்கு?" என்றார் அவர். நான் ஏன் எழுந்திருக்க வேண்டும்?

வரிசை முழுக்கச் சிரித்தது. தாரிணி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, தண்ணீர் மாதிரிக் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசினாள். சான்று கிடைத்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அசிங்கமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றாள்.

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட.

5

அடுத்த வாரம் வேலை முடிந்து வரும்போது ஓசூர் ரோட்டில் வழக்கமான நெரிசல். பஸ் நகரவேயில்லை. பக்கத்து இருக்கையில் காதில் இயர்ஃபோன் வைத்திருந்த ஒரு பெண் தனக்குத்தானே குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும் வெட்கப்பட்டாள்.

"சாரிக்கா. எங்க பிரேமாக்கா ரூம்ல கலாட்டா."

"எந்த ஆப்புல?"

"மஞ்ச ஆப்புதான்."

"அதைத்தான் எடுத்துட்டாங்களே."

"ஸ்டோர்லதானேக்கா எடுத்தாங்க? ஆப்பை யார் எடுத்தாங்க? புது வெர்ஷன் ஃபைலை பிரேமாக்கா குரூப்ல போடுவாங்க. ஐஃபோன் வெச்சுக்கீறவங்க வெப்சைட்ல தெறந்து கேப்பாங்க. உங்களுக்கு அனுப்பட்டா?"

அனுப்பினாள். என் ஃபோன் இரண்டு முறை எச்சரித்தது. இந்தக் கோப்பு தீங்கானதாக இருக்கலாம் என்றது. பரவாயில்லை என்று அழுத்தினேன். மஞ்சள் சின்னம் வந்து உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்து, பெயர் போடாமல் நுழைந்தேன். முதலில் பார்த்தது எண்ணிக்கையைத்தான். நூற்றுச் சொச்சம். ஒரு காலத்தில் அதைப்போலப் பத்து மடங்கு இருந்தது. நவீன் சொன்னது சரிதான், தொட்டி வற்றியிருக்கிறது. அந்த நிமிஷம் எனக்குள் எழுந்த சந்தோஷத்தை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்புக்கே அர்த்தமில்லை.

பிறகு கேட்க ஆரம்பித்தேன். எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனேக்கலில் ஒருத்தி டெய்லர் கடை போடுகிறாள், அதற்கு இன்னொருத்தி பெயர் வைக்கிறாள். சேலத்திலிருந்து ஒருவர் பெண்ணின் கல்யாணத் தேதியைச் சொல்ல, நாலு பேர் வருவதாகச் சொல்கிறார்கள். என் ஆயிரம் பேரில் ஒருவரை வீட்டில் கூப்பிடும் பெயராவது எனக்குத் தெரியுமா என்று யோசித்தேன். தெரியாது. அவளுடைய பழைய ஆயிரத்தின்மீது பட்டதைவிட இந்த நூறு பேர்மீது அதிகமாகப் பொறாமைப்பட்டேன்.

அப்போதுதான் பிரேமா சொன்னாள்: "இன்னிக்கு ஒரு ஜோக் கேளுங்கபா. நமக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா தாலுகா ஆபீஸ் போயிக்கீறாங்க..."

என் 'ஏளி' முழுசாக வந்தது. பெயர் மட்டும் இல்லை. குமாஸ்தா கண்ணாடிக்கு மேல் பார்த்தது வரை இருந்தது. நூறு பேரும் சிரித்தார்கள். அன்று தாலுகா அலுவலகத்தில் என்னுடன் இருந்தவள் ஒருத்திதான்.

6

தாரிணியின் அறைக் கதவைத் தட்டினேன். அவள் திறந்தபோது அவள் காதிலும் இயர்ஃபோன் இருந்தது.

"எத்தனை நாளா?" என்றேன்.

அவள் பொய் சொல்லவில்லை. "ரொம்ப நாளா மா. ஸ்டோர்ல இருந்து எடுக்கறதுக்கு முன்னாலேயே."

"கேலி பண்றதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"கேலி இல்ல மா. நான் அன்னிக்கு அழுதுட்டேன். எல்லாரும் உன்னைப் பாத்து சிரிச்சாங்களேன்னு. பிரேமா ஆன்ட்டிகிட்ட சொன்னேன். அவங்கதான், இதுல அழறதுக்கு இன்னா இருக்கு, நாம சேந்து சிரிச்சா சரியாயிடும்னாங்க."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"உன்கிட்ட எப்படி மா சொல்றது? நீ உச்சரிப்பு சொல்லிக் குடுன்னு நோட்டை எடுப்பே." இயர்ஃபோனைக் கழற்றினாள். "வேலூருக்குப் போக எனக்கு இஷ்டமில்லன்னும் அங்கதான் சொன்னேன்."

நூறு பேருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் இவ்வளவு நீளமாக என்னிடம் தமிழ் பேசி வருடங்கள் ஆகின்றன. அந்தத் தமிழிலும் ஒக்கலிபுரம் வாசனை அடித்தது. அதுவும் பிரேமா கொடுத்தது.

மறுநாள் அலுவலகத்தில் பிரேமாவைச் சாப்பிட விடவில்லை.

"பக்கத்து மேசையில உக்காந்துக்கிட்டு என் பொண்ணைப் பத்தி என்கிட்டயே மறைச்சிருக்கே."

"சொல்லாதீங்க ஆன்ட்டின்னு அது கேட்டுக்கிச்சுபா. நீயே உங்கம்மாகிட்ட சொல்லுன்னு தினம் நான் சொல்லினுதான் இருந்தேன். நேத்து அந்த ஜோக்கை நான் சொல்லிருக்கக் கூடாது. தப்புதான்." டப்பாவை மூடி வைத்தாள். "நீ திட்டுறதுன்னா திட்டிக்கோ."

திட்ட நினைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"உன் ஆளுங்க மட்டும் எப்படி போகல?"

"யார் சொன்னாங்க போகலன்னு? முக்காவாசி போய்ட்டாங்க. ஸ்டோர்ல தூக்கிட்டாங்கன்னதும் எனக்கு ஒண்ணும் புரியல. நம்பர் இருந்தவங்களுக்கு ஒவ்வொருத்தரா ஃபோன் போட்டேன். இல்லாதவங்களோட நம்பரை அவங்ககிட்ட வாங்கினேன். ஒரு வாரம் பேஜாரா பூட்ச்சு. இப்பவும் புதுசா ஒரு ஆள் வர்றதில்லபா. இன்னும் ரெண்டு வருஷத்துல இருக்குமோ இருக்காதோ."

சுமதி கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். கடையிலிருந்து எடுத்தால் ஒரு கூட்டம் ஒழியுமா? என்னுடையது ஒழிந்தது. அது செயலி தன் முகப்பில் வைத்துக் கூட்டிக் கொடுத்த கூட்டம், முகப்பு போனதும் போய்விட்டது. பிரேமாவுடையது சிறுத்தது, புதிதாக வளராது, ஆனால் ஒழியவில்லை. ஒருவரை ஒருவர் தேடுகிறவர்கள் வாசல் மூடினால் பின்பக்கமாக வருகிறார்கள். இதே வழியில் அந்த அசிங்கம் பேசுகிறவர்களும் உள்ளேதான் இருப்பார்கள் என்பதையும் நினைத்துக்கொண்டேன். கடைக்காரர்களுக்கு அவர்களையும் பிரேமாவையும் பிரித்துப் பார்க்க வழியில்லை.

வேலூர்ப் பேச்சை நான் விட்டுவிட்டேன். தாரிணி இங்கேயே படிக்கட்டும் என்று சொன்னபோது அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். கையை எடுத்ததும் ஃபோனைத் தேடியதையும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் சொந்தப் பெயரில் அந்த அறைக்குள் போனேன். தாரிணி தன் அறையில் கதவைச் சாத்தியிருந்தாள். நான் கூடத்தில் இருந்தேன்.

"அய்யோ, மாலதி வந்துக்கீறா! எல்லாரும் வணக்கம் சொல்லுங்கபா" என்றாள் பிரேமா. சொன்னார்கள். பழைய 'ஓசூர் ரோடு' ஆள் ஒருவரும் அங்கே இருந்தார். நன்றி என்று மட்டும் சொன்னேன்.

"தாரிணி, அந்த வேலூர் விஷயம் இன்னா ஆச்சு? இவங்களுக்கெல்லாம் நீயே சொல்லு" என்றாள் பிரேமா.

தாரிணி பேசினாள். "எங்கம்மா போக வேணாம்னு சொல்லிட்டாங்க ஆன்ட்டி." குரல் முதலில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேராக வந்தது. ஒரு நொடி, ஒன்றரை நொடி கழித்து அதே வாக்கியம் என் ஃபோனிலிருந்து வந்தது. அடுத்த வாக்கியமும் அப்படியே. சுவர் முந்தியது, செயலி பிந்தியது. பிரேமாவுக்கும் அந்த நூறு பேருக்கும் என் மகள் சொல்வது போய்ச் சேருவதற்கு முன்னால் எனக்குக் கேட்டுவிடுகிறது.

ஃபோனின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.